லிவர்பூல் ராட்னி தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிவர்பூலுக்குப் படிக்க வரும் பிள்ளைகள், மருத்துவமனை வேலைக்கு வருகிறவர்கள், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர் என்று பலரை ராட்னி தெருவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலே ஓரிடத்தில் சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

ராட்னி தெரு எங்க இருக்கு? லிவர்பூல்ல பார்க்க எவ்வளவோ இருக்கே, இதுக்குன்னு ஏன் போகணும்?

லைம் தெரு ரயில் நிலையத்திலிருந்து மேட்டுப் பக்கமாக ஏறினால் கால் மணி நேர நடை. வடக்கு முனையில் மவுன்ட் பிளசன்ட், தெற்கு முனையில் அப்பர் டியூக் தெரு. தெருவில் 60க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் துறைமுகத்துக்குத்தான் போகிறார்கள். போகவேண்டியதுதான். ஆனால் அங்கே பார்ப்பது சரக்கு இறங்கிய இடம். அந்தச் சரக்கில் கிடைத்த பணம் எந்த வீட்டுக்குப் போனது, அந்த வீட்டில் யார் பிறந்தார்கள், அவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள இங்கே வரவேண்டும்.

இந்த வீடுகளை ஜார்ஜியன்னு சொல்றாங்களே, ஜார்ஜியா நாட்டு ஆளுங்க கட்டினதா?

இல்லை. 1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து ஆண்ட நான்கு மன்னர்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அந்தக் காலத்துக் கட்டடங்களை ஜார்ஜியன் என்கிறார்கள்.

ராட்னி யாரு? அவர் வீடு எது?

ராட்னிக்கு இங்கே வீடு கிடையாது. ஜார்ஜ் ராட்னி கடற்படைத் தளபதி. 1782இல் கரீபியன் கடலில் செயின்ட்ஸ் தீவுகளுக்கு அருகே நடந்த போரில் பிரெஞ்சுக் கப்பற்படையைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு மனை பிரித்த தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

வெறும் தேசப்பற்று என்று இதை விட்டுவிட முடியாது. அந்த வெற்றி ஜமைக்கா உள்ளிட்ட சர்க்கரைத் தீவுகளை பிரிட்டனின் கையில் நிலைக்கவைத்தது. லிவர்பூல் வியாபாரிகளின் பிழைப்பு அந்தத் தீவுகளை நம்பியிருந்தது.

தெருவை யார் போட்டது? ஒரே ஆள் வரிசையா கட்டி வித்ததா?

1783–84இல் வில்லியம் ராஸ்கோவும் வேறு சிலரும் சேர்ந்து திட்டமிட்டார்கள். ராஸ்கோ மவுன்ட் பிளசன்டில் 1753இல் பிறந்தவர். அப்பாவுக்குக் காய்கறித் தோட்டமும் ஒரு விடுதியும் இருந்தன. சிறு வயதில் உருளைக்கிழங்கைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போனவர், பிறகு வழக்கறிஞராகி, வங்கியாளராகி, நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். தானாகவே இத்தாலிய மொழி கற்று, இத்தாலிக்குப் போகாமலே, புளோரன்ஸ் நகரை ஆண்ட லொரென்சோ டி மெடிச்சியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். லிவர்பூலின் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கியவர்களிலும் முக்கியமானவர். என்னைக் கேட்டால் இந்த ஊர் பெற்ற பிள்ளைகளில் அவரைப்போல் இன்னொருவர் இல்லை.

வீடுகளை ஒரே ஆள் கட்டவில்லை. மனைகளைத் தனித்தனியாகவும் இரண்டு மூன்றாகவும் பலர் வாங்கி, 1820கள் வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். பாத் நகரத்து ராயல் கிரசன்டைப் போல ஒரே அரண்மனை முகப்பு இங்கே கிடைக்காது. சில வீடுகள் மூன்று ஜன்னல் அகலம், சில ஐந்து. கூரை ஓரம் ஒரு வீட்டில் ஏறும், அடுத்த வீட்டில் இறங்கும். அந்தச் சீரற்ற தன்மைதான் எனக்கு இந்தத் தெருவில் மிகவும் பிடித்தது. ஒவ்வொரு வீட்டிலும் பணம் போட்டவரின் கை தெரிகிறது.

பார்க்க எல்லாமே செங்கல் பெட்டி மாதிரிதானே இருக்கு தம்பி? இதுல எதை ரசிக்கிறது?

கதவிலிருந்து தொடங்குங்கள். சுவர் எளிமையாக இருக்கவேண்டும், செலவெல்லாம் வாசலில் தெரியவேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து ரசனை. வாசலின் இரு பக்கமும் தூண் அல்லது அரைத்தூண் இருக்கும். தலைப்பகுதி வெறும் வளையமாக இருந்தால் டோரிக், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டிருந்தால் அயோனிக். கதவுக்கு மேலே அரைவட்டக் கண்ணாடி இருக்கிறதே, அதற்கு ஃபேன்லைட் என்று பெயர். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒட்டிக் கட்டிய நீள வீட்டில் நடைக்கு வேறெங்கிருந்தும் வெளிச்சம் வராது. அதற்காக வைத்ததுதான் அது. அதன் கம்பிச் சட்டங்களின் கோலம் வீட்டுக்கு வீடு மாறும். கதவுகளை மட்டும் பார்த்துக்கொண்டே ஒருமுறை நடந்து பாருங்கள், ஒரு மணி நேரம் போதாது.

அடுத்து ஜன்னல் கண்ணாடி. அன்றைக்குப் பெரிய கண்ணாடித் தகடு செய்வது கடினம். கண்ணாடியை ஊதிச் சுழற்றி வட்டத் தட்டாக்கி, அதிலிருந்து சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். அதனால்தான் மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னலில் இத்தனை குறுக்குச் சட்டங்கள். பழைய கண்ணாடி மிஞ்சியிருக்கும் ஜன்னலில் எதிர்வீட்டின் நிழல் நெளிந்து தெரியும். பிற்காலத்தில் மாற்றிய கண்ணாடியில் நேராகத் தெரியும். சாலையைக் கடக்காமல், எதிர்ச்சாரியில் நின்றே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

செங்கலையும் பாருங்கள். ஜார்ஜியன் முகப்புகளில் பெரும்பாலும் ஒரு கல்லின் நீளப்பக்கம், அடுத்ததன் குறும்பக்கம், மறுபடி நீளப்பக்கம் என்று ஒரே வரியில் மாறி மாறி வரும். சாந்து சுண்ணாம்புச் சாந்து. ஜன்னலுக்கு மேலே செங்கல்லை விசிறி போலச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். கட்டுமான வேலை தெரிந்த ஒருவர் கூட வந்தால், அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்.

மேல போகப் போக ஜன்னல் சின்னதாகுதே, ஏன்?

வீட்டுக்குள் யார் எங்கே இருந்தார்கள் என்பதை அந்த அளவுகள் சொல்கின்றன. தெருமட்டத்துக்குக் கீழே சமையலறை. இரும்புக் கம்பி வேலிக்குள் எட்டிப் பார்த்தால் அதற்கு இறங்கும் படிகள் தெரியும். தெருமட்டத்தில் சாப்பாட்டு அறையும் வீட்டுக்காரரின் அலுவல் அறையும். முதல் மாடியில் விருந்தினரை உட்காரவைக்கும் கூடம். உயரமான ஜன்னல்களும் இரும்புப் பால்கனியும் அங்கேதான். அதற்கு மேலே படுக்கையறைகள். உச்சியில் பிள்ளைகளும் வேலைக்காரர்களும்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, உச்சி மாடியிலிருந்து நிலவறை வரை இறங்கி அடுப்பு மூட்டி, சுடுதண்ணீரையும் கரியையும் மறுபடி மாடிக்குச் சுமந்தது வேலைக்காரப் பெண்கள். இன்னார் இங்கே பிறந்தார், வாழ்ந்தார் என்று வீட்டுச் சுவர்களில் பதித்திருக்கும் எந்தப் பலகையிலும் அவர்கள் பெயர் இல்லை. வீட்டின் உயரத்தைப் பார்க்கும்போது அந்தப் படிகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஜன்னல் வரிக்குப் பயந்துதான் சில ஜன்னலைச் செங்கல் வச்சு அடைச்சாங்களாமே?

ஜன்னலுக்கு வரி இருந்தது உண்மை. 1696இல் வந்து 1851இல்தான் போனது. வரியைக் குறைக்க ஜன்னலை அடைத்தவர்களும் இருந்தார்கள்.

ஆனால் அடைபட்ட ஜன்னல் எல்லாமே வரிக் கதை இல்லை. ஜார்ஜியன் முகப்புக்கு வலதும் இடதும் ஒத்திருக்கவேண்டும். உள்ளே புகைப்போக்கியோ குறுக்குச் சுவரோ வரும் இடத்தில் உண்மையான ஜன்னல் வைக்க முடியாது. அங்கே கட்டும்போதே குழித்த சுவராக, ஜன்னல் வடிவத்தில் விட்டுவிடுவார்கள். அடைப்பின் செங்கல்லும் சுற்றுச் சுவரின் செங்கல்லும் ஒரே நிறம், ஒரே வரிசை என்றால் அது ஆரம்பம் முதலே அப்படித்தான் என்று ஊகிக்கலாம்.

கிளாட்ஸ்டன் பிறந்த வீடு எது? அங்கேயே வளர்ந்தாரா?

62ஆம் எண். ஜான் கிளாட்ஸ்டன் என்ற வியாபாரிக்காக 1792–93இல் கட்டியது. அவர் மகன் வில்லியம் எவார்ட் கிளாட்ஸ்டன் 1809 டிசம்பர் 29 அன்று அங்கே பிறந்தார். பிற்காலத்தில் நான்கு முறை பிரிட்டனின் பிரதமர்.

1812 தேர்தலில் லிவர்பூலில் நின்ற ஜார்ஜ் கானிங் அந்த வீட்டில்தான் தங்கினார். விருந்தின்போது மூன்று வயது நிரம்பாத வில்லியமைக் கீழே கொண்டுவந்து நாற்காலியில் நிறுத்தி, ‘சீமாட்டிகளே, சீமான்களே’ என்று சொல்லவைத்தார்களாம். அதைத் தன் ஆரம்ப நினைவுகளில் ஒன்றாக அவரே பிறகு எழுதியிருக்கிறார். (1857இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கானிங் பிரபுவைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்தக் கானிங்கின் மகன் அவர்.) வில்லியமின் சிறு வயதிலேயே குடும்பம் ஊருக்கு வெளியே சீஃபோர்த்தில் கட்டிய மாளிகைக்குப் போய்விட்டது.

அவங்க அப்பா அடிமை வியாபாரியா? வீடு அந்தப் பணத்துல கட்டினதா?

இதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லவேண்டும். ஜான் கிளாட்ஸ்டன் ஸ்காட்லாந்தின் லீத் ஊர்க்காரர். லிவர்பூலுக்கு வந்தது தானிய வியாபாரத்துக்கு. 62ஆம் எண் வீடு கட்டியபோது அவரிடம் கரும்புத் தோட்டம் எதுவும் இல்லை. தென் அமெரிக்கக் கரையில் டெமராராவில், அதாவது இன்றைய கயானாவில், 1803 முதல்தான் தோட்டங்களில் பணம் போட ஆரம்பித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிய வியாபாரி என்று அவரைச் சொல்வதில்லை. ஆனால் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார், அவர்கள் உழைப்பில் பெரும் பணக்காரர் ஆனார். பெயரில் இருக்கும் இந்த வேறுபாடு கரும்பு வெட்டியவர்களுக்கு ஒன்றும் செய்துவிடவில்லை.

1823 ஆகஸ்டில் டெமராராவில் ஆயிரக்கணக்கான அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி தொடங்கிய ‘சக்சஸ்’ தோட்டம் ஜான் கிளாட்ஸ்டனுடையது. முன்னின்று நடத்தியவர் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். உடைமையாளரின் குடும்பப் பெயரே அடிமைக்கும் பெயரானது. ஜாக்கின் தந்தை குவாமினாவைத் தேடிச் சுட்டுக் கொன்று, உடலைத் தோட்டத்தின் முன்னால் தொங்கவிட்டார்கள். ஜாக்கை நாடு கடத்தினார்கள். ஜான் கிளாட்ஸ்டன் தன் தோட்டங்களை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

1833இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது உடைமையாளர்களுக்கு நாடாளுமன்றம் 2 கோடி பவுண்ட் இழப்பீடு ஒதுக்கியது. 2,508 பேருக்காக ஜான் கிளாட்ஸ்டன் பெற்றது 1,06,769 பவுண்ட். அந்த 2,508 பேருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் இளம் உறுப்பினராக வில்லியம் ஆற்றிய முதல் பெரிய உரை, தந்தையின் தோட்ட நிர்வாகத்தைத் தற்காத்துப் பேசியது. 2023 ஆகஸ்டில் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கயானாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

தெருவைப் போட்ட ராஸ்கோ அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி இந்த ஆளுங்க எல்லாம் இங்க வந்தாங்க?

எதிர்த்தார், வெளிப்படையாகவே எதிர்த்தார். 1787இலேயே ஆப்பிரிக்கர்களுக்கு இழைத்த கொடுமையைப் பற்றிக் கவிதை எழுதி வெளியிட்டார். 1806இல் லிவர்பூலிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, 1807இல் அடிமை வியாபாரத் தடைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அன்றைக்கு பிரிட்டிஷ் அடிமைக் கப்பல்களில் பெரும்பகுதி புறப்பட்டது லிவர்பூலிலிருந்து. ஊரின் வயிற்றில் அடிக்கிறான் என்றார்கள். ஊர் திரும்பியபோது கும்பல் மறித்துக் கலவரம் செய்தது. அடுத்த தேர்தலோடு அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கை முடிந்தது.

அந்த வாக்கின் எடை இந்தத் தெருவில் நின்றால்தான் புரியும். தான் மனை பிரித்த தெருவில் குடியேறக்கூடியவர்கள், தன் வங்கியில் பணம் போடுபவர்கள், சாலையில் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்பவர்கள், எல்லாருக்கும் எதிராகப் போட்ட வாக்கு அது. வாங்க வசதி இருந்தவருக்கு மனை விற்றார்கள். வசதி எந்த வழியில் வந்தது என்று மனை விற்பனை கேட்கவில்லை. ராஸ்கோவைக் கொண்டாடித் தெருவைச் சுத்தமாக்கிவிடவும் கூடாது, கிளாட்ஸ்டனைச் சொல்லி ராஸ்கோவை மறந்துவிடவும் கூடாது என்பது என் எண்ணம். ராஸ்கோவின் வங்கி 1816இல் தள்ளாடி, 1820இல் அவர் திவாலானார். விற்க நேர்ந்த அவருடைய ஓவியங்களில் பல இன்று லிவர்பூலின் வாக்கர் ஓவியக்கூடத்தில் இருக்கின்றன.

நம்ம ஊருக்கும் இந்தத் தெருவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா அண்ணா?

உண்டு, அது இனிப்பான தொடர்பு இல்லை. ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களுக்கு மாற்றாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் அதில் அடக்கம். கிழக்கிந்திய கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் 1813இல் முடிந்ததும், லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்கு ‘கிங்ஸ்மில்’ என்ற கப்பலை 1814இல் அனுப்பியவரும் ஜான் கிளாட்ஸ்டன்தான்.

அடிமை முறை முடிவது உறுதியானதும் அவர் கண் மறுபடி இந்தியா பக்கம் திரும்பியது. 1836 ஜனவரியில் கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி, தோட்டங்களுக்குக் கூலியாட்கள் கிடைப்பார்களா என்று விசாரித்தார். 1838 மே 5 அன்று ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ கப்பல்களில் 400 பேர் அளவில் பிரிட்டிஷ் கயானா போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் வேலை செய்தது அவருடைய வ்ரீட்-என்-ஹூப் தோட்டத்தில். அங்கே அவர்களை அடித்துத் துன்புறுத்தியது வெளியே தெரிந்து பெரும் கண்டனம் எழுந்தது. ஆள் அனுப்புவது நின்று, 1845இல் மறுபடி தொடங்கியபோது மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. கயானாவில் இன்றும் மாரியம்மன் வழிபாடு இருப்பது அப்படிப் போன தமிழர்களால்தான். 62ஆம் எண் வாசலில் இதைச் சொன்னால் சிலர் வெகுநேரம் பேசமாட்டார்கள்.

இங்க செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச் பக்கத்துல ஒரு பிரமிடு இருக்கே, அதுக்குள்ள ஒருத்தர் சீட்டுக் கையோட உட்கார்ந்திருக்காராமே?

வில்லியம் மெக்கன்ஸி என்ற ரயில்பாதை ஒப்பந்ததாரரின் கல்லறை அது. சூதாட்டத்தில் ஆன்மாவைப் பிசாசிடம் தோற்றுவிட்டாராம். ‘மண்ணுக்குள் போனதும் எடுத்துக்கொள்’ என்று ஒப்பந்தமாம். அதனால் மண்ணுக்குள் போகாமல், ஜெயிக்கும் சீட்டுகளைக் கையில் பிடித்தபடி பிரமிடுக்குள் உட்கார்ந்திருக்கிறாராம். லிவர்பூல் பிள்ளைகள் இதைக் கேட்டே வளர்கிறார்கள்.

பிரமிடில் உள்ள கல்வெட்டைப் படித்தால் கதை நிற்காது. கீழே உள்ள நிலவறையில் அவர் உடல் இருப்பதாக அதிலேயே பொறித்திருக்கிறது. அவர் 1851இல் இறந்தார். முதல் மனைவி மேரி, 1867 டிசம்பரில் இறந்த இரண்டாம் மனைவி சாரா, இருவரும் அங்கேயே இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு, 1868இல், தம்பி எட்வர்ட் அன்பின் அடையாளமாக இதை எழுப்பினார். பதினேழு ஆண்டு கழித்துப் பிரமிடு வந்திருக்கிறது, பிசாசை ஏமாற்ற அவ்வளவு தாமதம் ஆகாது. மெக்கன்ஸி பிரான்சில் பாரிஸ்–ரூவான் ரயில்பாதையைத் தாமஸ் பிராசியுடன் சேர்ந்து போட்டவர். நினைவில் வைத்துக்கொள்ள அதுவே போதுமானது.

எழும்பூர்ல செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் இருக்கே, இந்த சர்ச்சும் அதுவும் ஒண்ணா?

பெயரும் மரபும் ஒன்று, கட்டடக்கலைஞர்கள் வேறு. ஸ்காட்லாந்துக்காரர்கள் போன ஊரிலெல்லாம் தங்கள் பிரஸ்பிட்டேரியன் சபைக்குக் கோவில் கட்டி, தங்கள் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் பெயரை வைத்தார்கள். எழும்பூர் கிர்க் 1821. ராட்னி தெருவில் இருப்பது 1823–24. அதன் முகப்பு ஜான் ஃபாஸ்டருடையது. சுருள் தலை அயோனிக் தூண்கள், இரு பக்கமும் கோபுரங்கள்.

எழும்பூரில் இன்றும் ஆராதனை நடக்கிறது. இங்கே 1983இல் தீப்பிடித்து, கூரையில்லாமல் பல ஆண்டுகள் பாழாகக் கிடந்தது. பிறகு மாணவர் விடுதியாக மாற்றினார்கள். கோவில் விடுதியாகிவிட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. இடிந்து விழுந்திருந்தால் முகப்பும் இருந்திருக்காது என்பதால் எனக்கு இதில் நிம்மதிதான்.

ஏன் வாசலுக்கு வாசல் டாக்டர் பெயர்ப்பலகை?

வியாபாரிகள் ஊருக்கு வெளியே மாளிகை கட்டிக்கொண்டு போனபின், விசாலமான இந்த வீடுகள் மருத்துவர்களுக்குப் பொருந்தின. கீழே மருத்துவம் பார்த்து மேலே குடியிருக்கலாம். லண்டனின் ஹார்லி தெருவோடு ஒப்பிட்டு ‘வடக்கின் ஹார்லி தெரு’ என்று இதைச் சொல்வதுண்டு.

இவர்களில் நான் மிகவும் மதிப்பவர் 54ஆம் எண்ணோடு தொடர்புள்ள வில்லியம் ஹென்றி டங்கன். ஊரின் ஏழைகள் வெளிச்சமில்லாத நிலவறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்ததை ஆராய்ந்து, நோய் பரவ முக்கியக் காரணம் அந்த வசிப்பிடம்தான் என்று வாதிட்டார். 1847இல் லிவர்பூல் அவரைச் சுகாதார அதிகாரியாக நியமித்தது. பிரிட்டனில் அந்தப் பதவி வகித்த முதல் ஆள் அவர். அதே ஆண்டு அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி சுமார் 3 லட்சம் பேர் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். டைபஸ் காய்ச்சல் பரவியது. அதற்கு நடுவே அவரும் நகரப் பொறியாளர் ஜேம்ஸ் நியூலாண்ட்ஸும் சாக்கடையும் குடிநீரும் கொண்டுவரப் பாடுபட்டார்கள். இவரைத் தேடி ஒருவரும் வருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பீட்டில்ஸ் இங்கதான் பிறந்தாங்களா?

பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரில் யாரும் இல்லை. அவர்களின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1934 செப்டம்பர் 19 அன்று 4ஆம் எண்ணில் பிறந்தார். அப்போது அது தனியார் பிரசவ இல்லம். தெருவின் வடக்கு முனையைத் தாண்டி மவுன்ட் பிளசன்டில் இருந்த திருமணப் பதிவு அலுவலகத்தில்தான் 1962 ஆகஸ்டில் நால்வரில் ஒருவரான ஜான் லெனனுக்கும் சிந்தியாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் எப்ஸ்டீன்.

அதே 4ஆம் எண்ணில் நூறு ஆண்டுக்கு முன்பே ஜேம்ஸ் மோரி இருந்தார். 1790இல் லிவர்பூலுக்கு வந்த முதல் அமெரிக்கத் தூதரக அதிகாரி, தாமஸ் ஜெபர்சனின் பள்ளித் தோழர்.

அப்போ பலகையில பேர் இருக்கிற எல்லாரும் இங்க வாழ்ந்தவங்கன்னு சொல்ல முடியாதா?

முடியாது. எப்ஸ்டீன் போலப் பிறந்ததோடு சரி என்பவர்கள் உண்டு. கடற்படை நாவல்கள் எழுதிய நிக்கலஸ் மான்சரட் 11ஆம் எண்ணில் 1910இல் பிறந்தார். அப்பா அறுவை மருத்துவர். எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி 80ஆம் எண்ணில் தங்கியது லிவர்பூலில் கல்லூரி மாணவராக இருந்தபோது. பலகையில் ‘பிறந்தார்’ என்றிருக்கிறதா, ‘வாழ்ந்தார்’ என்றிருக்கிறதா என்று பார்த்துப் படியுங்கள்.

பிறந்தவர்களில் ஹென்றி பூத்தைத் தவறவிடாதீர்கள். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதையை நடத்தியவர். 1829இல் ரெயின்ஹில்லில் ரயில் எஞ்சின்களுக்கு நடந்த பந்தயத்தில் வென்ற ‘ராக்கெட்’ எஞ்சினின் கொதிகலனுக்குள் பல குழாய்களை ஓடவிடும் யோசனை அவருடையது. இரண்டு ரயில் பெட்டிகளைத் திருகி இறுக்கி இணைக்கும் திருகு இணைப்பும் அவர் கண்டுபிடிப்பு. நம் ஊர்ப் பழைய ரயில் பெட்டிகளுக்கு நடுவே எண்ணெய்க் கறையோடு தொங்கிய அதே இரும்புக் கொக்கிதான்.

எல்லாம் ஆம்பளைங்க பேராவே இருக்கே?

கேட்கவேண்டிய கேள்வி. 9ஆம் எண்ணுக்குப் போங்கள். கவிஞர் ஆர்தர் ஹியூ கிளஃப் 1819இல் பிறந்த வீடு அது. அவர் தங்கை ஆன் ஜெமைமா கிளஃப் அடுத்த ஆண்டு பிறந்தார். அண்ணனைப் பெரிய பள்ளிக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் அனுப்பிய குடும்பத்தில் தங்கைக்குக் கல்லூரி என்ற பேச்சே இல்லை. லிவர்பூலில் சிறு பள்ளி நடத்திக் கற்பிக்கத் தொடங்கியவர், 1871இல் கேம்பிரிட்ஜில் ஒரு வீட்டில் ஐந்து மாணவியரோடு ஆரம்பித்த விடுதிக்குப் பொறுப்பேற்றார். அதுதான் நியூனம் கல்லூரி ஆனது, அவர் அதன் முதல் தலைவர். அண்ணனின் கவிதையை விட தங்கையின் வேலைதான் இந்தத் தெரு உலகுக்குக் கொடுத்ததில் பெரியது என்று நான் சொல்வேன். அடுத்த கேள்வியில் வரும் மார்கரெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ள போய்ப் பார்க்க ஏதாவது ஒரு வீடாவது இருக்கா?

59ஆம் எண், ஹார்ட்மன் வீடு. புகைப்படக் கலைஞர் எட்வர்ட் சாம்ப்ரே ஹார்ட்மனும் மனைவி மார்கரெட்டும் 1940களின் இறுதியில் தங்கள் ஸ்டூடியோவை இங்கே மாற்றினார்கள். ஹார்ட்மன் டப்ளின்காரர். இளமையில் இந்திய ராணுவத்தில் கூர்க்கா படையில் இருந்தார். ஸ்டூடியோவின் முதல் கூட்டாளி கென்னத் பர்ரலை அங்கேதான் சந்தித்தார். மார்கரெட்டும் தேர்ந்த புகைப்படக் கலைஞர். வெளியூர்ப் படங்களுக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள், ஸ்டூடியோ நிர்வாகமும் அவர் கையில் இருந்தது.

இருவரும் எதையும் தூக்கிப் போடவில்லை. ரசாயனப் புட்டிகள், டப்பா உணவு, வரவேற்பறை மேசை, படங்களுக்குக் கைவேலை செய்யும் அறை, எல்லாம் 1950களில் நின்றபடி இருக்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் மிஞ்சியிருக்கின்றன. பெர்க்கன்ஹெட் கப்பல் தளத்தில் வெள்ளை வண்ணத்தில் நிற்கும் ‘ஆர்க் ராயல்’ போர்க்கப்பலை நோக்கி ஒரு பள்ளிச் சிறுவன் சரிவில் இறங்கி நடக்கும் 1950ஆம் ஆண்டுப் படம் அவற்றில் பிரபலமானது. பழைய வீடுகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் 2004 முதல் இந்த வீட்டைக் காட்டுகிறது. பிற வீடுகளில் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் குடியிருப்புகளும் இருப்பதால் வெளியிலிருந்துதான் பார்க்கவேண்டும்.

யுனெஸ்கோ 2021ல லிவர்பூலைப் பட்டியல்லருந்து எடுத்துட்டாங்களே, இனி இந்த வீடுகளை இடிக்கலாமா?

முடியாது. யுனெஸ்கோவின் முடிவு ஆற்றங்கரைப் பக்கத்துப் புதிய கட்டுமானங்கள் தொடர்பானது. ராட்னி தெரு உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் இருந்ததே இல்லை. இந்த வீடுகளைக் காப்பது இங்கிலாந்தின் சொந்தச் சட்டம். முதல் கேள்வியில் சொன்ன பட்டியலில் இருக்கும் வீட்டின் தன்மை மாறும்படி வெளியிலோ உள்ளேயோ எதைச் செய்யவும் அனுமதி வாங்கவேண்டும். பழைய சாஷ் ஜன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போடுவதும் அதில் அடங்கும். அனுமதியில்லாமல் செய்தால் குற்றம்.

எங்களுக்கு அரை நாள்தான் இருக்கு. எப்படிப் போனா எல்லாம் பார்க்கலாம்?

முதலில் ஹார்ட்மன் வீடு திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே அறைகள் சிறியவை, ஒரு நேரத்தில் சிலரையே விடுவார்கள். மற்றதை அந்த நேரத்தைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். மவுன்ட் பிளசன்ட் முனையில் தொடங்கி, பிரமிடைப் பார்த்துவிட்டு, ஒரு சாரியில் தெற்கே போய் மறு சாரியில் திரும்பி வாருங்கள். போகும்போது கதவுகள், வரும்போது எதிர்ச்சாரி ஜன்னல்கள். நேரம் மிஞ்சினால் ராஸ்கோவின் ஓவியங்களுக்காக வாக்கர் ஓவியக்கூடத்துக்குப் போங்கள். ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம்தான், உள்ளே போகக் கட்டணம் இல்லை.